போக்குக் காட்ட விதியில் இடமுண்டு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களிடையே ஒரு கருத்து வேரூன்றிவிட்டது. ஐந்தாம் பதிப்பின் விதிகளில் எதிரியைத் தூண்டிவிட்டு அவன் அடியை நமக்குத் தோதான இடத்தில் விழவைக்க முடியாது, அப்படி முயல்வது நம் முறையை வீணடிப்பது, ஓங்கி அடித்துக்கொண்டே இருப்பதுதான் சாமர்த்தியம் என்கிறார்கள். அடிதடிக்கு அப்பால் இந்த ஆட்டத்தில் இருக்கும் மிக நல்ல பகுதியை இந்தக் கருத்து புதியவர்களிடமிருந்து பறித்துவிடுகிறது. இதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1. "அதற்கென்று விதியே இல்லை"

பழைய பதிப்புகளோடு ஒப்பிட்டால் இதில் பாதி உண்மை இருக்கிறது. 2003-இல் வந்த 3.5 பதிப்பில், பிளஃப் திறனைக் கொண்டு எதிரிக்குப் போக்குக் காட்டத் தனி விதி இருந்தது. 2008-இன் நான்காம் பதிப்பில் ஃபைட்டர் ஒருவனைக் குறித்துவைத்தால், அவன் ஃபைட்டரை விட்டுவிட்டு வேறொருவரைத் தாக்கும்போது வீச்சில் 2 குறையும். 2014-இன் ஐந்தாம் பதிப்பு இவற்றைப் பொது விதிகளில் வைக்கவில்லை. ஆனால் பாலடினுக்கு, எதிரியைத் தன்னோடு மோதத் தூண்டும் கம்பெல்டு டூயல் மந்திரம் உண்டு. பேட்டில் மாஸ்டருக்கு ரிப்போஸ்ட் உண்டு: கைகலப்பில் எதிரியின் வீச்சு தவறினால் உடனே திருப்பி அடிக்கலாம். இவை எதுவும் இல்லாதவருக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒருவருக்கு ஒரே ஒரு பதில் நடவடிக்கை, அதாவது ரியாக்‌ஷன்தான் என்ற பொது விதி அது. எதிரியிடம் இருப்பது ஒன்றே ஒன்று என்றால், அதை அவன் எங்கே செலவழிக்கிறான் என்பதில் நாம் கைவைக்கலாம்.

2. "விலகிப்போய் அடி வாங்குவது முட்டாள்தனம்"

எதிரியின் எட்டும் தூரத்தைவிட்டு நகர்ந்தால் தன் ரியாக்‌ஷனைச் செலவழித்து நம்மை அடிக்கும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் அவனுக்குக் கிடைக்கும். அதை எப்போதும் தவிர்க்க வேண்டும் என்றே எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விடை வருகிறது.

ஓர் ஓகர். அதன் பக்கத்திலேயே முதல் நிலை விஸார்டும் ஃபைட்டரும் சிக்கிக்கொண்டிருக்கிறார்கள். 2014 மான்ஸ்டர் மேனுவல்படி ஓகர் தாக்கினால் வீச்சோடு 6 கூடும்; அடி பட்டால் சராசரி சேதம் 13. விஸார்டின் ஆர்மர் கிளாஸ் (அடி பட வீச்சு எட்ட வேண்டிய எண்) 12 என்றால் நூற்றுக்கு 75 தடவை அடி படும். அவருடைய உயிர்ப்புள்ளி 8-ஐ ஒட்டித்தான் இருக்கும். பட்டால் பெரும்பாலும் விழுந்துவிடுவார்.

செயின் மெயிலும் கேடயமுமாக நிற்கும் ஃபைட்டரின் ஆர்மர் கிளாஸ் 18. அவர்மேல் அதே அடி படும் வாய்ப்பு 45 சதவீதம். அவர் முதலில் டாட்ஜ் எடுக்கிறார். இனி ஓகர் இரண்டு பகடை உருட்டிக் குறைந்த எண்ணைத்தான் கொள்ள வேண்டும். வாய்ப்பு 20 சதவீதமாக இறங்கிவிடுகிறது. அதன்பிறகு வேண்டுமென்றே ஒரு கட்டம் விலகுகிறார். ஓகர் தடியை வீசுகிறது, அதன் ரியாக்‌ஷன் தீர்ந்துபோகிறது. மிச்சமிருக்கும் நகர்வில் ஃபைட்டர் பழைய இடத்துக்கே திரும்பிவிடலாம். அடுத்து விஸார்ட் பயமில்லாமல் வெளியேறுகிறார். அடி வாங்காமல் விலக உதவும் டிஸ்என்கேஜுக்குத் தன் செயலைச் செலவழிக்கத் தேவையில்லாததால், போன இடத்திலிருந்து மந்திரமும் போடலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. ஓகரின் முறை தொடங்கியதும் ரியாக்‌ஷன் அதற்குத் திரும்பக் கிடைத்துவிடும். ஆகவே ஃபைட்டர், விஸார்ட் இருவர் முறையும் அதற்குள் இந்த வரிசையில் வந்தாக வேண்டும்.

3. "ஒரு தாக்குதலை இழக்கிறோமே"

இழக்கிறோம்தான். டாட்ஜ் எடுத்த ஃபைட்டர் அந்த முறை வாளை வீசுவதில்லை. அதற்கு ஈடாகக் குழுவில் ஓர் உயிரும் ஒரு மந்திரமும் மிஞ்சுகின்றன. தனி ஆளின் சேதக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது நஷ்டமாகத் தெரியும். சண்டையைக் குழுவாகப் போடுகிறோம், கணக்கையும் குழுவுக்குத்தான் போட வேண்டும்.

4. "புத்தியுள்ள எதிரி மாட்டமாட்டான்"

ரியாக்‌ஷனைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று விதி யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கைதேர்ந்த எதிரித் தளபதி கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். அப்படிப்பட்டவனுக்குப் போலித் தூண்டில் போதாது, உண்மையான இரை வேண்டும். பார்பேரியனின் ரெக்லஸ் அட்டாக் அப்படிப்பட்டது. அதை எடுத்தால் எதிரிகள் எல்லோருக்கும் அவர்மேல் இரண்டு பகடை உருட்டி உயர்ந்த எண்ணைக் கொள்ளும் சலுகை கிடைக்கும். எதிரி அவரைத் தாக்குவது அறிவான முடிவுதான். ஆனால் ரேஜில் இருக்கும் பார்பேரியனுக்கு வாள், ஈட்டி, தடி எதனால் வரும் சேதமும் பாதியாகிவிடும். எதிரி சரியாகக் கணக்குப் போட்டும் நாம் காட்டிய இடத்திலேயே அடிக்கிறான்.

5. "நடுவருக்கு எல்லாம் தெரியுமே, அவரை எப்படி ஏமாற்றுவது?"

நடுவரை யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. நடுவர் அறிந்ததும் களத்தில் நிற்பவர் அறிந்ததும் வேறுவேறு என்ற மரபு இந்த ஆட்டத்தைவிடப் பழையது. 1824-இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீல் போர்ப்பயிற்சி ஆட்டத்திலேயே, தளபதிகளுக்குத் தெரியக்கூடியதை மட்டும் சொல்லும் நடுவர் இருந்தார். டன்ஜன் மாஸ்டரின் பொறுப்பு அதைவிடக் கடினமானது. அவரே நடுவர், அவரே எதிரி. ஓகரின் இன்டெலிஜென்ஸ் 5 என்று எழுதியிருப்பது அலங்காரத்துக்காக அல்ல. எதிரில் ஒருவன் விலகினால் அது தடியைத்தான் ஓங்கும். வீரர்களின் திட்டம் தன் காதில் விழுந்துவிட்டது என்பதற்காக ஓகரை அடக்கிவைக்கும் நடுவர், அவர்கள் நியாயமாகப் பெற்ற வெற்றியைத் தட்டிப்பறிக்கிறார்.

ஆகவே இந்த உத்தி உயிர்பெற இரு தரப்பும் ஒத்துழைக்க வேண்டும். வீரர்கள் "டாட்ஜ்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எதிரியின் கண்ணுக்கு என்ன படுகிறது என்றும் சொல்லட்டும்: கேடயத்தைத் தாழ்த்தினேன், தடுமாறிப் பின்வாங்கினேன் என்று. நடுவர் சண்டை தொடங்கும் முன்பே ஒவ்வோர் எதிரியும் எதற்குச் சீறும், எதற்குப் பொறுக்கும் என்று முடிவுசெய்து, பாதகமான நேரத்திலும் அதை மாற்றாமல் ஆடட்டும். விதி தந்த இடத்தை மறுக்க இருவருக்கும் உரிமையில்லை.