கால்வலியும் காந்தமும்

தேயிலைத் தோட்டத்தில் கால் வலிக்காதவர் யார்? காலை முதல் மாலை வரை மலைச்சரிவில் நின்று கொழுந்து பறிப்பவருக்குக் கால் வலிக்காமல் வேறு எது வலிக்கும்? கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த நியாயமான கேள்வியே சிலருக்கு எமனாக வந்து வாய்க்கிறது. எல்லாருக்கும் வலிக்கின்ற இடத்தில் வலி ஓர் அடையாளமாகவே மதிக்கப்படுவதில்லை. நூறு பேருடைய களைப்புக்குள் ஒருவருடைய நோய் ஒளிந்துகொள்கிறது. அந்த ஒருவரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் தேவிகுளம் தாலுகாவில் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். மூன்று தலைமுறைக்கு முன் நெல்லைச் சீமையிலிருந்து மலையேறிய குடும்பம் எங்களுடையது. இன்று 23 வயதில் பௌதிகத்தில் முதுகலை படிக்கிறேன். காந்த ஒத்ததிர்வு என் பாடம். வைத்தியன் அல்லேன். எனினும் நான் படிக்கும் காந்தத்துக்கும் எங்கள் ஊர்க் கால்வலிக்கும் உறவு உண்டு என்று அறிந்த பின் வாளாவிருக்க மனம் வரவில்லை.

இரத்தக் குழாய்களின் சுவரே அழற்சியுற்று வீங்கும் நோய்களுக்கு வாஸ்குலைட்டிஸ் என்று பெயர். அவற்றுள் நடுத்தரத் தமனிகளைத் தாக்குவது பாலிஆர்ட்டிரைட்டிஸ் நோடோசா. 1866இல் ஜெர்மனியில் குஸ்மால், மையர் என்ற இருவர் இதனை விரிவாக எழுதி உலகுக்கு அறிவித்தனர். அவர்கள் கண்ட நோயாளி யார்? மன்னரா, பிரபுவா? 27 வயதுத் தையற்காரர் ஒருவர்! காய்ச்சல், தசைவலி, நாளுக்கு நாள் தளர்ச்சி. அவர் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தபோதுதான் தமனிகள் நெடுக முடிச்சு முடிச்சாக இருந்தது தெரிந்தது. உழைத்துப் பிழைத்த ஒருவரின் உடம்பில்தான் இந்த நோயின் வரலாறு தொடங்கியது.

மருந்து இல்லாத காலத்தில் இந்நோய் கண்டோரில் ஐந்து ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவர் நூற்றுக்குச் சுமார் 13 பேர்தாம். இன்று ஸ்டீராய்டும், நோய் கடுமையானால் சைக்ளோபாஸ்பமைடும் கொடுத்தால் 80 பேர் வரை பிழைக்கிறார்கள். மருந்து இருக்கிறது, நோயைக் கண்டுபிடிப்பதில்தான் தடை.

தடை எது என்று பார்ப்போம். இந்நோய் சிலரிடம் ஆடுசதையிலேயே முதலில் தலைகாட்டும். விட்டுவிட்டுக் காய்ச்சல், உடல் மெலிவு, நடக்க முடியாத கால்வலி. டாக்டர் இரத்தம் எடுத்துத் தசை நொதியாகிய சி.கே. அளவைப் பார்ப்பார். தசைநார்களே சிதையும் மயோசைட்டிஸ் நோயில் அது பெரும்பாலும் ஏறிவிடும். வாஸ்குலைட்டிஸிலோ கேடு குழாயிலும் அதைச் சூழ்ந்த திசுவிலும் இருப்பதால் அது பலமுறை சரியாகவே காட்டும். “தசையில் ஒன்றுமில்லை, வேலைக் களைப்பு” என்று நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்.

தசையில் சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பயாப்ஸிதான் உறுதியான சான்று. ஆனால் இந்நோய் குழாய் முழுவதையும் ஒரே சீராகத் தாக்குவதில்லை. இங்கொரு திட்டு, அங்கொரு திட்டு என்று தாக்கும். சித்தூர்ப் பக்கத்து வறண்ட மேட்டில் ஊற்றுக்கண் அறியாமல் கிணறு வெட்டினால் என்ன ஆகும்? நான்கு கிணறு வெட்டியும் பாறைதான் மிஞ்சும். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் பயாப்ஸியும் அப்படியே. நோயற்ற இடத்தில் கத்தி பட்டால் “நோயில்லை” என்று முடிவு வந்துவிடும்.

இங்கேதான் காந்தம் உதவிக்கு வருகிறது. 1946இல் பிளாக், பர்செல் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் தனித்தனியே கண்ட ஒத்ததிர்வு உண்மையைக் கொண்டு 1973இல் லாட்டர்பர் படம் ஆக்கிக் காட்டினார். அவருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் உடம்பின் நீரில் உள்ள ஹைட்ரஜன் கருக்கள் சிறு காந்தங்கள். பூமியின் காந்தத்தைப் போல் 30,000 மடங்குக்கும் மேலான வலிமையுள்ள காந்தத்துக்குள் உடலை வைத்து ரேடியோ அலையால் தட்டினால் அவை நிலை பெயர்ந்து, பின் மெல்ல மீள்கின்றன. வீங்கிய தசையில் நீர் மிகுதி. ஆகவே அங்கே மீட்சி தாமதமாகிறது. அந்தத் தாமதமே படத்தில் வெண்மையாகத் தெரிகிறது. கொழுப்பும் வெண்மையாகத் தெரிந்து ஏமாற்றும் என்பதால் கொழுப்பை மட்டும் அடக்கிவிடும் ஸ்டிர் என்ற முறை ஒன்று உண்டு. அம்முறையில் பார்த்தால் நோயுற்ற குழாயைச் சுற்றி, போடிப் பக்கத்து இலவம் பஞ்சைப் பிய்த்துப் போட்டாற்போல வெள்ளைத் திட்டுகள் தோன்றும். எக்ஸ்ரே கதிர் இல்லை. இதற்கென்று ஊசிமருந்து ஏற்றவேண்டிய கட்டாயமும் இல்லை. எங்கே கத்தி வைக்கவேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும்.

படம் நோயின் பெயரைச் சொல்லிவிடாது, தோழர்களே! மயோசைட்டிஸ், கிருமித் தொற்று, அடிபட்ட காயம், ஏன், மிகையான உழைப்பு கூட இதே வெண்மையைக் காட்டலாம். படம் இடத்தைச் சொல்லும். திசுதான் பெயரைச் சொல்லும். ஆகவே முதுகு வலித்தால் ஸ்கேன், தலை வலித்தால் ஸ்கேன் என்ற வியாபாரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வாரக் கணக்கில் காய்ச்சலும் மெலிவும் கால்வலியும் சேர்ந்து வந்து, இரத்தத்தில் ஈ.எஸ்.ஆர். ஏறியிருந்தால் அந்த மனிதருக்கு இப்படம் ஆடம்பரம் அன்று என்றே சொல்கிறேன்.

“ஊரெல்லாம் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்க, அரிய நோய்க்கு ஏன் இத்தனை ஆரவாரம்?” என்று சிலர் கேட்பர். அரியது என்பது கணக்கெடுப்பவருக்கு. நோயாளிக்கு அது முழுமையானது. மேலும் இந்நோய் நம்மவருக்கு அந்நியமும் அன்று. ஏ.டி.ஏ.2 என்ற நொதி பிறவியிலேயே குறைவதால் இதே சாயலில் வரும் நோய் ஒன்றை 2014இல் விஞ்ஞானிகள் விளக்கினர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால்தான் அது தோன்றும். நெருங்கிய உறவில் மணந்தோரின் பிள்ளைகளுக்கு இத்தகைய நோய்க்கு வாய்ப்பு மிகுதி. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பதை உரிமையாகக் கொண்ட சமுதாயம் இதைப் பிறர் நோய் என்று ஒதுக்கலாமா? இதற்கு மருந்தும் வேறு. மஞ்சள் காமாலை தரும் ஹெபடைட்டிஸ் பி கிருமியாலும் சிலருக்குப் பாலிஆர்ட்டிரைட்டிஸ் வருகிறது. அதற்கும் வைத்தியம் வேறு. பெயரைச் சரியாகச் சொல்லாமல் மருந்தைச் சரியாகக் கொடுக்க முடியாது.

இனி நம் எல்லைக்கு வருவோம். 1956 நவம்பர் 1 அன்று கோடு கிழித்தார்கள். மலபார் மாவட்டத்தோடு பாலக்காடு சென்னை மாகாணத்திலிருந்து கேரளத்துக்குப் போயிற்று. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. யார் வென்றார், யார் தோற்றார் என்ற வழக்கு இங்கு வேண்டாம். நோயாளிக்கு மட்டும் அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் 2014இல் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கியது நல்ல செய்தி. ஆயினும் கொழிஞ்சாம்பாறையாருக்கு எல்லை தாண்டிக் கோயம்புத்தூரும், ரயில் பாதையே இல்லாத இடுக்கியின் கிழக்கு மலையாருக்குப் போடிமெட்டோ குமுளியோ இறங்கித் தேனியும் மதுரையும்தான் பழகிய வழி. தமிழ்நாட்டின் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை வேண்டும். 2018இல் வந்த மத்திய அரசின் திட்டம் மாநில எல்லை தாண்டிச் செல்லுபடியாகும். ஆனால் அது படுக்கையில் சேர்ந்தவருக்கானது. வெளிநோயாளியாகப் போய் எடுக்கும் படத்துக்கு அது கைகொடுக்காது. ஆக, நோயைக் கண்டுபிடிக்கும் செலவு ஏழையின் மடியில். கண்டுபிடித்தபின் ஆகும் செலவு அரசின் மடியில்! கண்டுபிடிக்காமலே போனால்?

அலைச்சலில் இன்னொரு கேடும் உண்டு. வழியில் யாரோ ஒருவர் வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுவிடுகிறார். வலி அடங்குகிறது, படத்தில் தெரியவேண்டிய வெண்மையும், திசுவில் தெரியவேண்டிய சான்றும் சேர்ந்து மங்குகின்றன. சிறுநீரகமோ நரம்போ ஆபத்தில் இருந்தால் மருந்து காத்திருக்கக் கூடாது, அது வேறு. பெயர் தெரியாத கால்வலிக்கு ஸ்டீராய்டு போட்டுத் தடயத்தை அழிப்பது வைத்தியம் ஆகாது.

அரசுகள் செய்யவேண்டியது இரண்டு. வெளிநோயாளியின் அவசியமான படத்துக்கும் காப்பீடு வேண்டும். ஒரு மாநிலத்தில் எடுத்த படத்தை மறு மாநிலத்து ஆஸ்பத்திரி ஏற்கவேண்டும். மாணவராகிய நாம் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் வலிக்கு எத்தனை பெயர்! கடுப்பு, உளைச்சல், குடைச்சல், இழுப்பு, மதமதப்பு, எரிச்சல். உளைச்சல் என்றால் தசை. மதமதப்பும் எரிச்சலும் என்றால் நரம்பு என்று ஊன்றிக் கேட்பவருக்கு வழி தெரியும். இந்த நோய் நரம்பையும் தாக்கும் என்பதால் இந்த வேறுபாடு உயிர் போன்றது. மலையாளம் பேசும் டாக்டரிடம் போகும்போது இவை எல்லாம் ‘வேதனை’ என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. ஆங்கில அறிக்கையாகத் திரும்பி வரும்போது அந்த ஒன்றும் நோயாளிக்கு விளங்குவதில்லை.

மருத்துவம் படிப்போரும், மலையாளம் அறிந்தோரும், தோட்டத்திலிருந்து வந்தோரும் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். இந்தச் சொற்களைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வரிசைப்படுத்தி, எந்த வலி எத்தனை நாள் நீடித்தால் டாக்டரிடம் போகவேண்டும் என்று ஒரு பக்கத்தில் அச்சிட்டு, வரும் விடுமுறையில் மூணாற்றிலிருந்து கொழிஞ்சாம்பாறை வரை கொண்டு சேர்க்க நம்மால் இயலாதா? கோடி ரூபாய்க் காந்தத்தை நம்மால் வாங்க முடியாது. அந்தக் காந்தத்தின் முன் யாரைப் படுக்க வைக்கவேண்டும் என்று சொல்லும் சொல் நம்மிடம் இருக்கிறது. அதைக் கொடுப்போம்.