காளானில் பாஷாணம் வைத்தது யார்?



வேலியோரத்தில் முளைத்த ஆகாத காளானை ஒருவன் தெரியாமல் சமைத்துத் தின்றால், அது அறியாமை. ஆனால் கொட்டகை போட்டு, உரப்படுக்கை விரித்து வளர்க்கும் நல்ல வெள்ளைக் காளானில் விஷம் ஏறினால், அது யார் குற்றம்? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்!

1944-ல் அந்நாட்டுச் சர்க்கார், ராக்சர்சோன் என்ற மருந்தைக் கோழித் தீவனத்தில் கலக்க அனுமதி கொடுத்தது. அது ஆர்சனிக் சேர்ந்த மருந்து. ஆர்சனிக் என்றால் நம் ஜனங்கள் அறிந்த பாஷாணச் சரக்குதான்! அதைக் கோழிக்கு ஏன் போட்டார்கள்? குடல் ஒட்டுண்ணி சாகும். குறைந்த தீவனத்தில் எடை கூடும். கறியின் நிறம் எடுப்பாக இருக்கும். சுருங்கச் சொன்னால், லாபம்!

இது சாதுவான வகை ஆர்சனிக், கோழி அதை எச்சத்தோடு வெளியே தள்ளிவிடும் என்று முதலாளிகள் சமாதானம் சொன்னார்கள். தள்ளியது எங்கே போயிற்று? எருவுக்குப் போயிற்று. எரு எங்கே போயிற்று? வயலுக்கும் காளான் கொட்டகைக்கும் போயிற்று! வெள்ளைக் காளானின் படுக்கை வைக்கோல், கோழி எரு, ஜிப்சம் முதலியவற்றைக் கலந்து மக்க வைத்ததுதானே? ஈர எரு மக்கும்போது நுண்ணுயிர்கள் அந்தச் 'சாதுவான' ஆர்சனிக்கைக் கொடிய ஆர்சனிக்காக மாற்றிவிடுகின்றன. தோல், நுரையீரல், மூத்திரப்பை ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாக்குவது இந்த வகைதான்.

படுக்கைக்கு நீராவி காட்டினால் கிருமி சாகும்; பாஷாணம் சாகாது. படுக்கையில் இருப்பதைக் காளான் உறிஞ்சிக் கொள்கிறது. அதில் ஒரு பங்கைத் தீங்கற்ற வடிவமாக மாற்றியும் விடுகிறது. ஆனால் முழுவதையும் அல்ல. மிச்சம் யார் வயிற்றுக்கு? அந்த எருவை வெறுங்கையால் வாரிக் கொட்டிய கூலிக்காரனைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

2009-ல் இந்த மருந்துகளைத் தடை செய்யக் கோரி அங்குள்ள பொதுநல அமைப்புகள் மனுக் கொடுத்தன. 2011-ல் சர்க்காரின் சொந்த ஆராய்ச்சியிலேயே, மருந்து தின்ற கோழிகளின் ஈரலில் கொடிய ஆர்சனிக் கூடுதலாக இருப்பது தெரிந்தது. அதன் பிறகே கம்பெனி விற்பனையை நிறுத்தியது. 2013-ல் மூன்று ஆர்சனிக் மருந்துகளின் அனுமதி ரத்தாயிற்று. கடைசி மருந்து 2015-ல்தான் ஒழிந்தது. 1944-லிருந்து 2015 வரை 71 ஆண்டுகள்! ஆபத்து இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளிக்கு இல்லை. ஆபத்து உண்டென்று நிரூபிக்கும் சுமை மட்டும் ஜனங்களின் தலையில்! இது என்ன நியாயம்?

காளானே விஷம் என்று நாம் சொல்லவில்லை. சுத்தமான உரத்தில் வளர்ந்த காளான் நல்ல உணவு. நாலு படுக்கை போட்டுப் பிழைக்கும் ஏழை விவசாயியும் குற்றவாளி அல்ல. தான் வாங்கும் எருவில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

ஆகவே நாம் கேட்பது இதுதான்: தீவனத்தில் கலப்பதைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். காளான் உரத்தைச் சர்க்கார் தன் செலவில் சோதிக்க வேண்டும். எரு வாரும் தொழிலாளிக்குக் கையுறையும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும்.

விஷத்தைத் தட்டில் தேடாதே. கலக்கும் இடத்திலேயே தடுத்து நிறுத்து!