பழைய பைத்தானுக்கு வைத்த கெடு

1-1-2020 அன்று ஒரு கம்ப்யூட்டர் மொழிக்குக் கெடு முடிந்தது. "பைத்தான் 2" என்பது அதன் பெயர்.

இனிமேல் அதில் கோளாறு வந்தாலும் பழுது பார்ப்பதில்லை, ஓட்டை தெரிந்தாலும் அடைப்பதில்லை என்று அதைப் பராமரித்து வந்தவர்கள் முடிவு செய்தார்கள். கையில் மிச்சம் இருந்த திருத்தங்களைச் சேர்த்து, 20-4-2020 அன்று கடைசிப் பதிப்பு ஒன்றை வெளியிட்டார்கள். அதோடு சரி.

20 வருஷ காலம் உலகம் முழுவதும் நம்பி உபயோகித்த ஒன்றை இப்படிக் கைவிடலாமா?

கைவிடலாம். கைவிட்டதுதான் நியாயம். கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றும். விஷயத்தை முழுதும் தெரிந்துகொண்டால் அப்படித் தோன்றாது.

பொழுதுபோக்காகப் பிறந்தது

கம்ப்யூட்டருக்குச் சொந்தப் புத்தி கிடையாது. என்ன செய்ய வேண்டும் என்று வரி வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதுவதற்கென்று தனி மொழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பைத்தான்.

இதை உண்டாக்கியவர் கைடோ வான் ரோசம். நெதர்லாந்து நாட்டுக்காரர். ஆம்ஸ்டர்டாம் நகரில் வேலை பார்த்தபோது, 1989-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக இதைத் தொடங்கினார். 1991-ல் வெளியிட்டார். பைத்தான் என்றால் மலைப்பாம்பு. ஆனால் பாம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கிலாந்து டெலிவிஷனில் வந்த ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரை எடுத்து வைத்துவிட்டார்!

இந்த மொழிக்கு விலை இல்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே எப்படிச் செய்திருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இப்படிப்பட்டவற்றைத் "திறந்த மூல மென்பொருள்" என்று சொல்கிறார்கள். இதைப் பராமரிப்பவர்களில் பலர், பகலில் வேறு எங்கோ வேலை பார்த்துவிட்டு, ராத்திரியிலும் விடுமுறை நாளிலும் இதற்காக உழைப்பவர்கள். அதற்குச் சம்பளம் கிடையாது.

இரண்டும் மூன்றும்

பைத்தான் 2 வந்தது 2000-ம் ஆண்டில். பைத்தான் 3 வந்தது 3-12-2008 அன்று.

வழக்கமாக, புதுப் பதிப்பு வந்தால் பழைய புரோகிராம்களும் அதில் ஓடும். இந்தத் தடவை அப்படி இல்லை. பல வருஷமாகச் சேர்ந்திருந்த குறைகளை ஒரேயடியாகத் திருத்தினார்கள். அதனால் பழையதில் எழுதிய பல புரோகிராம்கள் புதியதில் ஓட மறுத்தன.

என்ன குறை? பைத்தான் 2-இடம் 5-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் விடை 2 என்று சொல்லும். மிச்சத்தை விழுங்கிவிடும். பைத்தான் 3 சரியாக 2.5 என்று சொல்லும்.

தமிழுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. "அம்மா" என்று எழுதிக் கொடுத்து, இதில் எத்தனை எழுத்து என்று பைத்தான் 2-இடம் கேட்டால் வழக்கமாக 15 என்று பதில் வரும்! எழுத்தை எண்ணாமல், எழுத்தைச் சேமித்து வைக்க ஆகும் இடத்தை எண்ணிவிடும். பைத்தான் 3 அதையே 5 என்று சொல்லும். அ, ம, புள்ளி, ம, கால் என்று பிரித்து எண்ணுகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால் 3 என்று சொல்லும். பிள்ளை சொல்வதுதான் சரி. ஆனாலும் பதினைந்துக்கு ஐந்து எவ்வளவோ மேல்!

இந்தியாவில் 1-4-1957 அன்று நயா பைசா வந்தது. அணா நாணயமும் அதோடு சேர்ந்து சில காலம் புழங்கியது. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. அந்தக் கால் பைசாவை எப்படிக் கொடுப்பது? இரண்டு நாணயம் புழங்கியபோது கடைக்காரருக்கு என்ன தலைவலியோ, அதே தலைவலிதான் இரண்டு பைத்தான் புழங்கியபோது புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் வந்தது.

இரட்டை வேலை

பைத்தானை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய வேலை நடக்காது. கணக்குப் போட ஒன்று, படம் வரைய ஒன்று, இணையதளம் நடத்த ஒன்று என்று துணைக் கருவிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இலவசம். "நம்பை" என்பது கணக்குக் கருவி. 2019 ஏப்ரலில் வானத்துக் கருந்துளையின் படம் முதன்முதலாக வெளிவந்தது அல்லவா? அதைத் தயாரித்ததில் நம்பைக்கும் பங்கு உண்டு.

இத்தகைய கருவிகளைச் செய்தவர்கள், வருஷக்கணக்கில் இரண்டு பைத்தானுக்கும் சேர்த்து வேலை செய்தார்கள். ஒரு வரியைத் திருத்தினால் அதை இரண்டிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றில் ஓடும், மற்றதில் ஓடாது. பைத்தான் 3-ல் நல்ல வசதி ஒன்று புதிதாக வந்தாலும் அதைத் தொட முடியாது. பழையதில் அது இல்லையே! இரண்டுக்கும் பொதுவாக எழுதுவதற்கு உதவியாக "சிக்ஸ்" என்று ஒரு கருவி வந்தது. சிக்ஸ் என்றால் ஆறு. இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு. கஷ்டத்திலும் வேடிக்கை!

சம்பளம் வாங்காதவர்கள் பழையதற்கு ஒரு மணி நேரம் செலவழித்தால், புதியதற்கு அந்த ஒரு மணி நேரம் இல்லை. அவர்களுக்கும் குடும்பம் உண்டு, தூக்கம் உண்டு. இலவசமாக வாங்கிக்கொள்கிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பது அபூர்வம்.

தவணைமேல் தவணை

பைத்தான் 2-க்கு முதலில் வைத்த கெடு 2015. பலர் அசையவில்லை. ஆகவே, 2014-ல் அந்தக் கெடுவை 2020-க்குத் தள்ளினார்கள். இரக்கப்பட்டுத்தான் தள்ளினார்கள். ஆனால், கடன் வாங்கியவருக்குத் தவணையைத் தள்ளி வைத்தால் என்ன ஆகும்? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார். இங்கேயும் அதுதான் நடந்தது.

தவறு ஒரு பக்கம் மட்டும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றாமல், எல்லாவற்றையும் ஒரே பதிப்பில் மாற்றியது பைத்தான்காரர்கள் செய்த பிழை. பழைய புரோகிராமைப் புதியதாக மாற்ற ஒரு கருவியும் கொடுத்தார்கள். அது செய்தது போக, மிச்சத்தைக் கையால்தான் செய்ய வேண்டியிருந்தது. பழையதில் இருந்த ஓர் எழுத்து முறையை நீக்கிவிட்டு, அது இல்லாமல் கஷ்டம் என்று தெரிந்து, 2012-ல் திரும்பச் சேர்த்தார்கள்.

கடைசியில் ஜனங்களை அசைத்தவர்கள் துணைக் கருவிகளைச் செய்தவர்கள்தான். 2020-க்குள் பைத்தான் 2-ஐ விட்டுவிடுவோம் என்று பல குழுக்கள் சேர்ந்து பகிரங்கமாக அறிவித்தன. இணையதளம் நடத்த உதவும் "ஜாங்கோ", 2017 டிசம்பரில் வந்த தன் புதுப் பதிப்பில் அதை விட்டது. நம்பையில் பழைய பைத்தானுக்கு இடம் இருந்த கடைசிப் பெரிய பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. சொன்னதைச் செய்தார்கள்.

பழைய பதிப்புகளை யாரும் அழித்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வேண்டியவர்கள் இன்றும் எடுத்து ஓட்டலாம். பழுது பார்க்க ஆள் வராது, அவ்வளவுதான்.

நஷ்டம் யாருக்கு?

"ஓடுகிற வரை ஓடட்டும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

புதிய பதிப்பில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த மூலம் ஆனதால் அந்த வேலை ஊரறிய நடக்கிறது. எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பதைத் திருடனும் தெரிந்துகொள்கிறான். அதே ஓட்டை பழைய பதிப்பிலும் இருந்தால்? அதை அடைக்க அங்கே ஆள் இல்லை. பின்னால் இருப்பது ஆஸ்பத்திரியின் நோயாளிப் பட்டியலாக இருக்கலாம். பாங்கியின் கணக்காக இருக்கலாம். நஷ்டப்படுகிறவர்கள், பைத்தான் என்ற பெயரையே கேட்டிராத குடும்பங்கள்.

அவகாசம் போதாது என்றவர்களுக்கும் வழி இல்லாமல் போகவில்லை. "ரெட் ஹாட்" என்ற அமெரிக்கக் கம்பெனி, சந்தா கட்டும் தன் வாடிக்கைக்காரர்களுக்காகப் பைத்தான் 2-ஐ 2024 ஜூன் வரை பராமரித்தது. இதுதான் முறை. பழையதுதான் வேண்டும் என்றால் அதற்குரிய கூலியைக் கொடுக்க வேண்டும். சும்மா உழைப்பவர்களிடம் போய் இன்னும் உழை என்று சொல்வது அழகல்ல.

பிடிவாதக்காரர்களும் இருந்தார்கள். மின்னூல்களை அடுக்கி வைத்துப் படிக்க உதவும் "காலிபர்" என்ற மென்பொருளைச் செய்தவர் ஓர் இந்தியர். பைத்தான் 2-ஐத் தாமே பார்த்துக்கொள்ள முடியும் என்று அவர் முதலில் சொன்னார். பிறகு, மாற்றும் வேலைக்கு உதவி செய்ய ஆட்கள் வந்தார்கள். 2020 செப்டம்பரில் காலிபரும் பைத்தான் 3-க்கு மாறிவிட்டது.

மூன்று வருஷம் போதுமா?

இப்போது பைத்தானில் ஒழுங்கான ஏற்பாடு இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு பதிப்பு. ஒவ்வொரு பதிப்புக்கும் 5 வருஷம் பராமரிப்பு. 2019 அக்டோபரில் வந்த 3.8 என்ற பதிப்புக்கு 2024 அக்டோபரில் கெடு முடிந்தது. வரும்போதே போகும் நாள் தெரிந்துவிடுகிறது. யாரும் ஏமாற வேண்டியதில்லை.

ஆனால், நம்பை முதலிய விஞ்ஞானக் கருவிகளைச் செய்பவர்கள் அந்த 5 வருஷம் வரை காத்திருப்பதில்லை. ஒரு பதிப்பு வெளிவந்து 42 மாதம் ஆனதும் அதை விட்டுவிடலாம் என்று 2019-ல் ஒரு கணக்கு வைத்தார்கள். விஞ்ஞானக் கருவிக் குழுக்கள் பின்னர் வகுத்த பொது யோசனையில் அது 36 மாதமாகக் குறைந்தது.

இது அவசரம். ஆராய்ச்சிக்கூடத்தில் இருப்பவர்களுக்கு 3 வருஷம் போதும். பழைய கம்ப்யூட்டர் இரண்டை வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் போதாது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கப் பணம் வேண்டும். பழைய பாடங்களை மாற்றி எழுத ஆசிரியருக்கு நேரம் வேண்டும்.

பராமரிக்கும் பாரம் தாங்கவில்லை என்று கருவிக் குழுக்கள் காரணம் சொல்கின்றன. காரணம் உண்மைதான். அப்படியானால், இந்தக் கருவிகளை வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதிக்கும் கம்பெனிகள் முன்வரட்டும். மிச்சம் இருக்கும் அந்த 2 வருஷத்துக்கு நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கட்டும். அவர்களுக்கு அது பெரிய செலவு அல்ல. பள்ளிக்கூடங்களுக்கு அது 2 வருஷப் படிப்பு.