தைப்பூசப் படத்தில் நம்ம முகம் எங்கே?

 

தைப்பூசம் முடிந்ததும் ஆலய வாட்ஸ்அப் குழுவில் படங்கள் மூட்டை மூட்டையா வந்து குவிஞ்சது. எடுத்த பிள்ளைகள் எல்லாருக்கும் நன்றி. ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும்னு தொண்டர்கள் நாங்க சிலர் பேசிக்கிட்டோம். பாதி படத்தில் காவடி எடுத்தவர் முகம் வெறும் நிழலா இருக்கு. மீதியில் ஃபில்டர் போட்டு, சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி வெளுத்துப் போயிருக்கு. இரண்டுமே நம்ம ஆள் இல்லை. விரதம் இருந்து, வெயிலில் 272 படி ஏறின மனுஷனோட திருநீறும் வியர்வையும் அந்தக் கறுத்த தோலும் தெரியலைன்னா அது என்ன படம்?

இதில் கேமராவுக்கும் பங்கு இருக்கு. கேமராவுக்கு இது முகம், இது வேட்டி என்று தானா தெரியாது. முன்னால் இருப்பதெல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கணக்குப் போட்டுத்தான் வெளிச்சத்தை அளக்குது. அதனால் வெள்ளை வேட்டியும் வெளுத்த வானமும் படம் முழுக்க இருந்தா, "வெளிச்சம் அதிகம்" என்று நினைச்சு எல்லாத்தையும் இருட்டாக்கும். முதலில் காணாமல் போவது நம்ம முகம்தான். ராத்திரி ரதம் வரும்போது நேர் எதிர். சுற்றிலும் இருட்டு, அதனால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளி ரதம் வெறும் வெள்ளைத் திட்டாப் போயிடும். புதுக் கைப்பேசிகள் முகத்தைத் தேடிப் பார்க்கும், உண்மைதான். அதை மட்டும் நம்பினா போதாது.

ஃபிலிம் காலத்திலும் இதே கதைதான். ஃபோட்டோ லேப்களுக்கு நிறம் சரிபார்க்க கோடாக் அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ஷெர்லி கார்டு என்று பெயர். பல நிற முகங்கள் உள்ள அட்டை 1990களில்தான் வந்தது. கூகுள் 'ரியல் டோன்' என்று கறுத்த தோலுக்கும் சேர்த்து கேமராவைச் சரிசெய்து பிக்சல் 6 கைப்பேசியில் விட்டது 2021ல். அவங்களே திருந்தி வரும்போது நாம எதுக்கு நம்ம பிள்ளைகளை ஃபில்டரில் வெளுக்கணும்? எங்களுக்கு இதில்தான் கோபம்.

வழி சுலபம். கைப்பேசியில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடிங்க, அளவு அங்கேயே பூட்டிக்கும். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே கீழே தள்ளி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கேமரா என்றால் ப்ளஸ் மைனஸ் பட்டன் இருக்கு. வானத்துக்கு எதிரே நிற்கும் கறுத்த முகத்துக்கு ப்ளஸ் ஒண்ணு வையுங்க. வானம் வெளுத்தா வெளுக்கட்டும், நாம வானத்தைப் பார்க்க வரலை. ராத்திரி ரதத்துக்கும் தீபாராதனைக்கும் மைனஸ் ஒண்ணு. எடுத்ததும் ஹிஸ்டோகிராமைப் பாருங்க, அந்த மலை மாதிரி இருக்கும் கோடு. அது வலது பக்கச் சுவரில் போய் முட்டி நின்னா, அந்த இடத்தில் விவரம் எரிஞ்சு போச்சு, கணினியில் உட்கார்ந்தும் மீட்க முடியாது. இருட்டை ஓரளவு தூக்கலாம், ஆனா தூக்கத் தூக்க மணல் கொட்டின மாதிரி புள்ளி வரும். பத்துமலைக் குகைக்குள் எடுத்தவங்களுக்கு இது நல்லாத் தெரியும். ஃப்ளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். அருள் வந்து நிற்பவர் கண்ணில் அடிக்கிற வேலையா அது?

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், அலமி மாதிரி படம் விற்கும் தளங்களில் தைப்பூசம் என்று தேடிப் பாருங்க. கன்னத்தில் அலகு குத்தின முகம்தான் வரிசையா வரும். பால்குடம் தூக்கும் பாட்டி, தண்ணீர்ப் பந்தலில் நிற்கும் பையன், காவடிக்கு மயிலிறகு கட்டும் அப்பா எல்லாம் குறைச்சல். பத்திரிகைகளும் பாடப்புத்தகம் போடுறவங்களும் இந்த மாதிரித் தளங்களில்தான் படம் வாங்குறாங்க. சாமி படத்தை விற்கலாமா என்று பெரியவங்க கேட்கிறாங்க, அந்தக் கேள்வியை நாங்க மதிக்கிறோம். ஆனா நாம கொடுக்கலைன்னாலும் யாரோ கொடுக்கத்தான் போறாங்க. அது நம்ம வீட்டுப் பிள்ளை எடுத்ததா இருக்கட்டுமே. பெரிய காசு வராது, அதையும் இப்பவே சொல்லிடுறோம்.

அங்கே படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துதான் எடுப்பாங்க. ஷட்டர்ஸ்டாக்கிலும் அடோபி ஸ்டாக்கிலும் குறைந்தது 4 மெகாபிக்சல் வேணும். வெளிச்சம் தவறினாலோ புள்ளி அதிகமானாலோ ரிஜெக்ட். ஃபேக்டரியில் கியூசி திருப்பி அனுப்பின மாதிரிதான், காரணத்தைப் படிச்சுட்டு அடுத்ததை ஒழுங்கா அனுப்பணும், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது. முகம் தெரியும் ஆளிடம் கையெழுத்து வாங்கலைன்னா ஷட்டர்ஸ்டாக் மாதிரித் தளங்களில் 'எடிட்டோரியல்' என்றுதான் போடணும். விளம்பரத்துக்கு அது போகாது. அதில் வெளிச்சத்தைக் கொஞ்சம் திருத்தலாம், ஆளை அழிப்பது, முகத்தை மாற்றுவது கூடாது. இந்த ஒரு விதிக்காகவே அந்தத் தளங்களை எங்களுக்குப் பிடிக்கும்.

கையெழுத்து வேண்டாத இடத்திலும் வாயால் ஒரு வார்த்தை கேளுங்க. சின்னப் பிள்ளை என்றால் அம்மா அப்பாவிடம். மூலவரை எடுக்கக் கூடாது என்று ஆலயத்தில் போர்டு இருந்தா, கேமராவைப் பையில் வச்சுட்டுக் கும்பிடுங்க.

பங்குனி உத்திரத்துக்குப் படம் எடுக்க விருப்பம் உள்ள தம்பி தங்கைகள் ஞாயிறு காலைப் பூஜை முடிந்ததும் அன்னதானக் கூடத்துக்கு வாங்க, கையில் வச்சுக் காட்டித் தர்றோம். இந்த வருஷப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டா அனுப்புங்க, சும்மா அனுப்பினா அது அமுக்கிச் சின்னதாக்கிடும். ஃபில்டர் போடாத படம் மட்டும் அனுப்புங்க.