சவுக்கு வீச்சில் சிக்கிய விவசாயிகள்

ஆங்கிலத்தில் 'விப்லாஷ்' என்றொரு சொல் உண்டு. சவுக்கடி என்பது அதன் நேர்ப்பொருள். பின்னால் வரும் வாகனம் மோதும்போது முன்வாகனத்தில் இருப்பவரின் உடலை ஆசனம் முன்னே தள்ள, தலை பின்னே சாய்ந்து மறுகணமே முன்னோக்கி வீசப்படுகின்றது. இதனால் கழுத்தில் உண்டாகும் காயமே இன்று இப்பெயரால் அழைக்கப்படுகின்றது. 1928இல் இச்சொல்லை மருத்துவத்தில் கையாண்ட அமெரிக்க மருத்துவர் ஹரோல்ட் குரோவ் பின்னாளில் அதற்காக வருந்தினார். அசைவின் தன்மையை விளக்கத் தாம் கூறியதை நோயின் பெயராக்கிவிட்டார்கள் என்பது அவரது மனக்குறை.

அரசியல், பொருளாதார எழுத்துகளிலும் இச்சொல் இப்போது அடிபடுகின்றது. அரசாங்கமொன்று ஒரு திசையில் விரைந்து சென்று, அதே விரைவில் எதிர்த்திசைக்குத் திரும்புவதை அது குறிக்கின்றது. எமது நாட்டின் பசளைக் கொள்கையை விடப் பொருத்தமான உதாரணம் இதற்குக் கிடைப்பது அரிது.

2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ, நெற்செய்கையாளருக்கு இலவசப் பசளை வழங்குவதாகவும் பத்தாண்டுகளில் சேதன விவசாயத்துக்கு மாறுவதாகவும் வாக்குறுதியளித்தார். ஆனால் 2021 மே மாதத்தில் வர்த்தமானி அறிவித்தல் ஒன்றின் மூலம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. எதிர்ப்புகள் வலுக்கவே நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டது. உலக சந்தையில் யூரியாவின் விலையோ பன்மடங்காகியிருந்தது. இறக்குமதிக்கு டொலரும் இருக்கவில்லை. தடை போனது, மானிய விலைப் பசளை மூடை திரும்பி வரவில்லை. சேதனப் பசளை நல்லதா என்பது வேறு விவாதம். புறப்பட்ட இடத்துக்கே விவசாயியைக் கொண்டுவந்து சேர்க்காத அந்தத் திரும்பலே இங்கு கவனிக்கத்தக்கது. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் கிளிநொச்சியிலும் பொலனறுவையிலும் அதன் வலி ஒன்றாகவே இருந்தது.

மின்கட்டணத்திலும் இதே வீச்சைக் காண்கிறோம். 2023 பெப்ரவரியில் 66 சதவீத உயர்வு. இடையில் பல மாற்றங்கள். 2025 ஜனவரியில் 20 சதவீதக் குறைப்பு. அதே ஆண்டு ஜூனில் 15 சதவீத உயர்வு. செலவை ஈடுசெய்யும் விலைமுறை என்று இதற்கு விளக்கம் தரப்படுகின்றது. விளக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் ஆறு மாதத்துக்கு விலை பேசி நெல் கொள்வனவு செய்யும் சிறு ஆலைக்காரர், தமது மின்பட்டியலை எந்தக் கணக்கில் எழுதுவார் என்பதை எந்த அதிகாரியும் இதுவரை சொல்லவில்லை.