சாமி கும்பிட வந்தவரைக் கும்பிட விடுங்க



கலை நிகழ்ச்சிக்கும் படப்பிடிப்புக்கும் மலேசியா வர்ற தமிழ்நாட்டு நடிகர்கள் பலர் பத்துமலைக்கும் வர்றாங்க. தொண்டூழியரா பக்கத்துல நின்னு பார்த்ததைச் சொல்றேன். பெரும்பாலானவங்க அமைதியாத்தான் வர்றாங்க. நம்மள மாதிரியே மூச்சு வாங்க 272 படியும் ஏறி, கண்ணை மூடி வேண்டிட்டு, திருநீறு வாங்கிட்டுப் போயிடுவாங்க.

ஆர்ப்பாட்டம் நம்ம பக்கம்தான். தீபாராதனை நேரத்துல முருகனுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கிறோம். செங்குத்தான படியில கூட்டம் தேங்கி, கைக்குழந்தையோட ஏறுற அம்மா தடுமாறுறாங்க. இது ஆபத்து. அவர் படத்துக்கு நிக்காம போனா, அன்னிக்கு ராத்திரியே "திமிர் பிடிச்சவர்"னு பதிவு போடுறோம். சாமி கும்பிட வந்தவர் நம்மைப் பார்த்துச் சிரிக்கணும்னு என்ன கட்டாயம்? அரை நிமிஷத்துல ஒருத்தர் குணத்தை எடை போட முடியுமா?

ஆலய நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிரபலங்களை வரிசை தாண்டி அழைச்சுப் போகாதீங்க. பொன்னாடையை மண்டபத்துல போர்த்தலாம், சன்னிதி முன்னால வேண்டாம். கால் கடுக்க நிக்கிற பாட்டியும் முருகனைப் பார்க்கத்தான் வந்திருக்காங்க.

அடுத்த தடவை யாராவது பிரபலத்தைக் கோயில்ல பார்த்தா, ஒரு வணக்கம் சொல்லி வழி விடுங்க. அது போதும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!