வாய்க்கால் கரையும் சைக்கிள் பிரயாணமும்

வாய்க்கால் என்பது நீரோடும் பள்ளம் மட்டுமே என்று கருதுவது பிழை. பள்ளம், கரை, கரைமேற் செல்லும் பாதை ஆகிய மூன்றும் சேர்ந்ததே வாய்க்கால். பாதையில் முள் மண்டினால் கரையைப் பார்ப்பார் இல்லாமற் போவர். பிறகு உடைப்பு உண்டான பின்னரே குறை தெரியவரும். 1997-இல் சேலத்தினின்று பிரிந்த நாமக்கல் ஜில்லாவிலுள்ள ராஜா வாய்க்காலின் கரையைச் சைக்கிள் பிரயாணிகளுக்குத் திறந்துவிடுதல் தகுமா என்னும் கேள்வியை இந்நோக்குடனேயே ஆராய்தல் வேண்டும்.

காவிரியின் இடது கரையில், ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து பிரிவது இவ்வாய்க்கால். 17-ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் இதனை வெட்டுவித்தார் என்பர். இதுவும் இதனைச் சார்ந்த குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களும் ஏறத்தாழ 16,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் அளிக்கின்றன. வாய்க்கால் ஓரத்தில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் கரும்பும் தென்னையும் செழித்து நிற்க, சற்றே விலகிய மேட்டு நிலங்களில் நிலக்கடலையும் சோளமும் மழையை எதிர்நோக்கி நிற்கும். காலையில் ஜேடர்பாளையத்திற் புறப்படும் சைக்கிள் பிரயாணி, வெயில் ஏறுமுன் பரமத்தி வேலூரை அடைவதற்குள், பாசனத்தின் பயன் யாதென்பதைக் கண்கூடாக அறிவார்.

இதனாற் குடியானவருக்கு நன்மை உண்டா? உண்டு. கரையின் வெளிச்சரிவில் ஈரக்கசிவு, நண்டு வளை, எலி வளை, மதகருகே அடைத்து நிற்கும் ஆகாயத்தாமரை ஆகியவை தொடக்கத்தில் ஒரு மண்வெட்டி வேலையே. கவனியாது விட்டால் பெருஞ்செலவு. இவற்றை மோட்டாரில் விரைந்து செல்பவர் காணார். சைக்கிளிற் செல்பவர் காண்பார். நினைத்த இடத்தில் இறங்கியும் பார்ப்பார். அன்றியும், பலர் நடமாடும் கரையில் குப்பை கொட்டவும் ஆக்கிரமிக்கவும் எவரும் எளிதில் துணியார்.

பிரான்ஸ் தேசத்தில் 1666 முதல் 1681 வரை வெட்டப்பட்ட 'கனால் து மிதி' என்னும் வாய்க்காலின் கரையில், படகை இழுத்த குதிரைகள் முன்னர் நடந்தன. படகு வாணிபம் நின்ற பின்னர் அப்பாதையிற் சைக்கிள் பிரயாணிகள் செல்கின்றனர். ஆயினும் அதனை அப்படியே இங்குப் பின்பற்றுதல் ஆகாது. அது படகுக்காக வெட்டியது. இதுவோ இன்றும் பயிரை வளர்க்கும் வாய்க்கால். இங்கே முதல் உரிமை பாசனத்துக்கே உரியது.

கூட்டம் பெருகினால் கரை தேயும், விளைபொருள் களவு போகும், பிளாஸ்டிக் கழிவு மதகை அடைக்கும் என்று விவசாயிகள் அஞ்சுவது நியாயமே. ஆகையாற் சில நிபந்தனைகள் இன்றியமையாதன. மோட்டார் வாகனங்களை வெளியார் கரைமேற் செலுத்தலாகாது. மழையில் கரை நனைந்திருக்கும் நாட்களிலும், தூர்வாரும் காலத்திலும் பாதையை மூடிவிடல் வேண்டும். தார் வேண்டுவதில்லை, மேடு பள்ளம் நிரவி, கிராவல் இட்டுக் கெட்டித்தால் போதும். கடைகள் ஊர்களில் இருக்கலாம். கரையில் ஒன்றும் கூடாது.

இந்நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பாதையைத் திறப்பதே உசிதம். பிரயாணிகளுக்காகப் பாதையைச் செப்பனிடும் ஒவ்வொரு ரூபாயும் கரையைப் பார்வையிடும் லஸ்கருக்கும், மடை திறக்கச் செல்லும் விவசாயிக்கும், வாழைத்தார் சுமந்து வருபவருக்கும் பயன்படும். நீர்வளத்துறையாரும் ஆயக்கட்டு விவசாயிகளும் ஒன்றுகூடி, ஜேடர்பாளையத்தை அடுத்த சில மைல் தூரத்தில் மட்டும் ஒரு பருவத்துக்கு இதனைச் சோதித்துப் பார்ப்பாராக. கரைக்குக் கேடு நேரின் நிறுத்திவிடலாம். நன்மை விளையின் கடைமடை வரையில் நீட்டலாம்.